ஒரே கட்டிலில் இரண்டு பெட்டி

கப்பலில் ஆளுக்கு ஒரு பெட்டிதான். கட்டிலுக்கு அடியில் தள்ள முடிகிற உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சீட்டு பதிவு செய்த அன்றே சொல்லிவிட்டார்கள். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ரத்தக் குழாய்களுக்கு எண் ஒட்டி அடுக்கியவளுக்கு அதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஏழு நாளைக்கு மேலுடுப்பு நாலு, கீழுடுப்பு மூணு. எதை எதோடு போட்டாலும் சேர்கிற நிறம். மடித்தால் கோடு விழும், சுருட்டினால் விழாது. ஷூவுக்குள் சாக்ஸ். கனமானதெல்லாம் சக்கரப் பக்கம். பெரிய பெட்டி கப்பல் அறைக்கு வந்து சேரச் சாயங்காலமாகும் என்பதால் மாத்திரையும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையில்.

அன்றைக்குக் கட்டில்மேல் இரண்டு பெட்டி திறந்து கிடந்தது. அதில் ஒன்றுதான் கப்பலுக்குப் போகப்போகிறது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். போன வருஷம் கப்பலுக்குச் சீட்டு எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தார். கப்பலில் ஒரு நாள் ராத்திரி எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வர வேண்டுமாம். அதற்கென்று கோட்டுகூடத் தைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தது. ஒரு நாள் தங்கள் கட்டிட லிஃப்டிலேயே எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றிருந்தார். பிறகு கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் போனார். விடியவிடிய வாசல் கதவை ஆட்டினார். அவளுக்குத் தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று.

மகள்தான் பேச்சை எடுத்தாள். அப்பாவைக் கப்பலில் ஏற்ற முடியாது, கம்பி ஓரத்தில் ஒரு நிமிஷம் கண் அசந்தால் என்ன ஆவது என்றாள். பத்து நாளைக்குப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றை அவளே விசாரித்து வைத்திருந்தாள். அம்மா தன் பழைய சிநேகிதிகளோடு போய்வரட்டும்.

இல்லத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். எல்லாத் துணியிலும் பெயர் தைத்திருக்க வேண்டும். பெல்ட் கூடாது, கயிறு வைத்த ஷூ கூடாது. அவள் அவருடைய சட்டைக் காலரில் பெயர் தைக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொடுத்தார். அந்தக் கைகளில் மட்டும் தடுமாற்றமே இல்லை.

"கப்பல்ல பேரு எதுக்கு?" என்று கேட்டார்.

"சலவைக்குப் போடும்போது மாறிடக் கூடாதுல்லங்க."

நியாயம்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார். கோட்டை எடுத்துவந்து மேலே வைத்தார். அவள் எடுத்தாள். அவர் திரும்ப வைத்தார். மூன்றாவது தடவை அவள் விட்டுவிட்டாள்.

இல்லத்தில் நீளமான நடை, இரண்டு பக்கமும் கைப்பிடி, எண் போட்ட கதவுகள். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. கப்பல் அறை பரவாயில்லையே என்றார். சாமான் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவள் வெளியே வந்தாள். வாசலில் மகள் காரைக் கிளப்பி வைத்திருந்தாள்.

கப்பலில் முதல் ராத்திரி பதினோரு மணி நேரம் தூங்கினாள். இரண்டாம் நாள் சாப்பாட்டு மேஜையில் சிநேகிதி சொன்ன ஏதோ ஒன்றுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூன்றாம் நாள் மதியம்தான், காலையிலிருந்து ஒரு தடவைகூட அவர் நினைப்பு வரவில்லை என்பது உறைத்தது. என்னவோ தப்புச் செய்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

நாலாம் நாள் காலை வரவேற்பு மேஜையிலிருந்து கூப்பிட்டார்கள். போனில் மகள். இல்லத்தில் சலவைத் துணி ஏற்ற வந்த வண்டிக்காக வாசல் கேட்டைத் திறந்தபோது, அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியை இழுத்தபடி வெளியே போய்விட்டார். மனுஷர் பார்க்க மரியாதையாக இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. துறைமுகத்துக்கு வழி கேட்ட கடையில் கையை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். பெண்டாட்டி ஏறிவிட்டாள், நான் கீழேயே நின்றுவிட்டேன் என்று அங்கே சொல்லியிருக்கிறார். பெரிய ரோட்டைக் கடக்கும்போது பைக் இடித்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அடுத்த துறைமுகத்துக்கு ஒன்றரை நாள். அவள் கையில் கிடைத்ததையெல்லாம் பெட்டியில் திணித்தாள். மூடி மூடவில்லை, சிநேகிதி மேலே உட்கார்ந்து அழுத்த வேண்டியிருந்தது. பிறகு கதவோரம் அந்தப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்து கரைக்காகக் காத்திருந்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. நெஞ்சில் சளி கட்டியிருப்பதாக டாக்டர் சொன்னார். இரண்டு நாள் அவர் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் பகலில், மகள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்தார். பழைய பார்வை.

"போயிட்டு வந்தியா?"

"போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

அந்த ஒரு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய்க்குக் கணக்கில்லை. இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை.

"நல்லா இருந்துச்சுங்க. மூணு நாள் நல்லாத் தூங்கினேன். உங்க நினைப்பே வரல."



"எனக்கு அங்க பிடிக்கல," என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதுதான் கடைசிப் பேச்சு. அவள் வந்த ஒன்பதாம் நாள் காலையில், நர்ஸ் விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுபோனது.

மகள் வார்டு வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான்தானே, போ போ என்று பிடுங்கியது நான்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குனிந்து மகளின் தலையில் கை வைத்தாள்.

"நீ சொன்ன. விட்டுட்டுப் போனது நான்."

ஆஸ்பத்திரி ஆள் கையெழுத்துக்குத் தாள் கொண்டுவந்து யாரிடம் நீட்டுவது என்று தயங்கினார். அவள் எட்டி வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.