ஒரே நிறத்தில் இரண்டு புட்டிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பெரிய காஞ்சிபுரத்துக் கதை ஒன்று சொல்கிறேன். நெஞ்சு படபடக்கும், என் பக்கத்திலேயே இருங்கள்.

உமாபதி பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். மாதிரி நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். நிறம் ஒத்தால் இரண்டும் ஒன்றுதான் அவனுக்கு. மகள் கீர்த்தி, இப்போதுதான் ஓடப் பழகிய குழந்தை. அவளுக்குக் காய்ச்சல் மருந்து தீர்ந்ததும் கடைக்குப் போனான். அலமாரியில் பழைய மருந்தின் அதே ஆரஞ்சு நிறம். கை நீட்டி வாங்கி வந்துவிட்டான்.

"புட்டி சின்னதா இருக்குதே?" என்றாள் மனைவி கலைவாணி.

"கலரு அதே கலருமா."

பழைய மூடியில் வழக்கமான கோடு வரை ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை தூங்கிப்போனது. பெட்டியை எறியப் போனவள் கையில், பிரிக்காத சொட்டுக்குழாய் தட்டுப்பட்டது. மருந்துக்கு எதற்கு இது? இரண்டு புட்டிகளையும் ஜன்னலோரம் கொண்டுபோய் எழுத்துக் கூட்டினாள். பழையதில், ஐந்து மில்லிக்கு நூற்றிருபத்தைந்து மில்லிகிராம். புதியதில், ஒரே மில்லிக்கு நூறு.

ஐந்து மில்லி ஊற்றியிருந்தாள்.

"யோவ்! நாலு மடங்கு போயிருக்குதுயா! மருந்து இன்னா உன் சாயத்தொட்டியா, கலரு பாத்து வாங்கியாற?"

கீர்த்தியை உலுக்கினார்கள். கண் திறக்காமல் முனகினாள். ஆட்டோவில் கலைவாணி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தாள். மூச்சு படும், அடுத்தது வருமா என்று உயிர் துடிக்கும். உமாபதி இரண்டு புட்டிகளையும் மார்போடு அழுத்திக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புட்டியைத் திருப்பிப் படித்தார். குழந்தையை எடை போட்டார்.

"இதுக்கப்புறம் திரும்பக் குடுத்தீங்களா?"

"இல்லமா. ஒரே வாட்டி."

அவர் கணக்குப் போடும்வரை இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த எடைக்கு ஒரு வாட்டின்றதால பயமில்ல. இதையே வேளாவேளைக்கு ஊத்திக்கினே இருந்திருந்தா கல்லீரலே கெட்டிருக்கும். சாயந்திரம்வரை இங்கேயே இருக்கட்டும், பாத்துக்கறோம்."

உமாபதி புதுப் புட்டியை நீட்டினான். "எந்த எடத்துல பாக்கணும், காட்டுங்கமா."

அவர் நகத்தால் காட்டினார். "இத்தனை மில்லியில இத்தனை மில்லிகிராம். இது மாறினா அளவும் மாறும். நிறத்தை நம்பாதீங்க."

அவன் விரலை வைத்து அந்த வரியைப் படித்தான். மறுபடி படித்தான். பொழுது சாயும் நேரத்தில் கீர்த்தி எழுந்து, பசிக்குது என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக் கலைவாணியும் அழுதாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சல் தணிந்து பசியோடு எழட்டும். மருந்து ஊற்றும் கைகள் நடுங்காதிருக்கட்டும். காமாட்சி உங்கள் வாசலைக் காக்கட்டும், கண்ணுகளா.