வெற்று வரிகள்

ரமாமணியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் பீரோ உயரத்துக்கு நின்ற கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். 1978-இல் காஞ்சிபுரத்துக்கு அது தேரைப் பார்க்கிற மாதிரி அதிசயம். அவளுக்கோ இன்று பரீட்சை.

அவள் புரோகிராம் எழுதும் மெட்ராஸ் கம்பெனியிடம் மெஷின்கள் இரண்டு: ஒன்று மெட்ராஸில், ஒன்று இங்கே. தசமக் கணக்குப் போடும் வெளிநாட்டு எலெக்ட்ரானிக் போர்டு ஒன்றுதான். இறக்குமதி லைசென்ஸ் அவ்வளவுக்குத்தான் கிடைத்தது. போர்டைத் துணிப்பையில் சுற்றி, வேண்டிய ஊருக்கு பஸ்ஸில் கொண்டுபோவார்கள். மெஷினின் வேலைகளையெல்லாம் மேய்க்கும் கெர்னல் புரோகிராம்தான் இதில் திண்டாடியது. 'போர்டு இருக்கிறதா?' என்று முப்பத்தேழு இடங்களில் கேட்டது. ஓரிடத்தில் கேட்க மறந்தாலும் மெஷின் படுத்துவிடும்.

ரமாமணி அந்தக் கேள்விகள் அத்தனையையும் வழித்தெறிந்தாள். மெஷின் கிளம்பும்போது ஒரே தடவை பார்ப்பது. போர்டு இருந்தால் அதை ஓட்டும் புரோகிராம் வரிகள். இல்லாவிட்டால் அதே பெயரில் ஒன்றுமே செய்யாத வெற்று வரிகள். வேறு எவரும் எதையும் கேட்க வேண்டாம். சுத்தமான வேலை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

"போர்டு மெட்ராஸ்லயே இருக்கட்டும். இல்லேன்னாலும் ஓடும்னியே" என்றார் மேலதிகாரி இளங்கோவன். "இன்னிக்குச் சொதப்பினா உன் வேலை நிரந்தரமாகாது."

"படுக்காதுன்னுதான் சார் சொன்னேன்" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் படுக்கவில்லை. சாய மேஸ்திரி குமாரசாமி கணக்கைச் சொன்னார்: பழைய சிவப்புத்தூள் நூற்று நாற்பது கிராம், புதுத்தூளுக்கு வீரியம் அதிகம், அதில் 0.6 பங்கு போதும். ரமாமணி அதைத் தட்டியதும் மெஷின் தடதடவென்று அடித்தது: 140.

"பழைய அளவேதான் வருது" என்று தலையைச் சொறிந்தார் குமாரசாமி. "மெஷினே சொல்லுது, சரியாத்தான் இருக்கும்பா." தூளை நிறுத்துக்கொண்டு கொப்பரைப் பக்கம் போனார். உள்ளே கல்யாணப் புடவைகளுக்கான பட்டு கொதித்தது.

ரமாமணிக்குச் சட்டென்று உறைத்தது. பெருக்கச் சொன்ன இடத்திலும் வெற்று வரியைத்தானே வைத்தாள்! அது ஒன்றும் செய்யாமல், 'முடிந்தது' என்று சொல்லி, கொடுத்த எண்ணையே திருப்பித் தந்திருக்கிறது. படுக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்த முட்டாள்தனம்.

அவள் வாயெடுத்ததுமே, "வாயை மூடு" என்று பல்லைக் கடித்தார் இளங்கோவன்.

"ஐயா, கொட்டாதீங்க! கணக்கு தப்பு. தப்பு என்னுது!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவள் சுவிட்சுகளைத் தட்டி அந்த ஒரு வரியை மாற்றினாள். மறுபடி கேட்டதும் மெஷின், 'போர்டு இல்லை' என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டு நின்றது. யாரோ சிரித்தார்கள்.

குமாரசாமி தூளை டப்பாவில் திரும்பக் கொட்டினார். "அது வந்தப்புறம் பார்க்கலாம்மா."

"நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் இளங்கோவன்.

ரமாமணிக்கு அழுகை முட்டியது. ஆத்திரமும்தான். கிளம்பியவள் வாசலில் நின்றாள். நாளை போர்டை மெட்ராஸ் மெஷினிலிருந்து கழற்றி இங்கே கொண்டுவருவார்கள்.

"மெட்ராஸ் மெஷின்லயும் இதே வரிதான் சார் இருக்கு. போர்டைக் கழட்டினா அதுவும் தப்புக் கணக்குதான் சொல்லும், முன்னாடியே மாத்தணும். போன் பண்ணுங்க, எந்த இடம்னு சொல்றேன்."

இளங்கோவன் அவளை முறைத்தார். பிறகு போனை எடுத்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் கேட்டார். லைன் கிடைத்ததும் ரிசீவரை அவளிடமே நீட்டினார்.