பதினோரு கையெழுத்து

அலுவலகத்தில் அவளுக்கு நூல்பிடி என்று பெயர். ஒரு கதவு விரற்கடை தள்ளி நின்றால்கூட, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டு என்பாள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்காதா பின்னே? அவள் வரைந்தது சோப்புத் தொழிற்சாலை இல்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கிற கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் கூடம். அந்த மருந்து உடம்புக்குள் போய்க் கட்டியைத் தேடிப் பிடித்துச் சுடும். அதே சரக்கு கைதவறி வேறு யார் மேலாவது ஒட்டினால் அவரையும் சுடும், ஆள் பார்க்காது.

அதனால் இரண்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தாள். ஈயம் பொதிந்த சுவர்கள், ஒன்று சாத்தினால்தான் அடுத்தது திறக்கும் கதவுகள், காற்றை உள்ளே மட்டுமே இழுக்கும் அறைகள். காற்றுகூட என்னைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே போக வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

வெளியேறும் அறைதான் அவளுடைய செல்லக் குழந்தை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை. அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். முதல் வரைபடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மேசைகள், இரண்டு பதிவேடுகள் இருந்தன. இடம் இடித்ததால் ஒரு மேசையை எடுத்துவிட்டு, மற்றதைப் பலகைக்குக் குறுக்கே போட்டாள். உள்ளே வேலை செய்பவர் அந்தப் பக்கம் நின்று நேரத்தைக் குறிக்கலாம். வெளியே வருபவர் கையைச் சோதித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்று கையெழுத்துப் போடலாம். ஒரே மேசை, ஒரே பதிவேடு. பாதுகாப்பு அதிகாரியே அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

இந்தக் கூடம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சொந்த அவசரமும் இருந்தது. அக்காவின் வயிற்றில் கட்டி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், வேலையை விட்டுவிட்டுத் தங்கை வீட்டில் வந்து தங்கியிருந்தாள். மருந்து என்னவோ இருக்கிறது, ஆனால் கடல் தாண்டி வர வேண்டும். வாரத்துக்கு வாரம் பாதியாகக் கரையும் சரக்கு அது. இரண்டு தடவை விமானம் தாமதமாகி, வீரியம் போய் வந்து சேர்ந்தது. ஒரு மாதத்துக்குமேல் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கூடம் திறந்தால் முதல் தொகுதியில் நாலாவது பெயர் அக்காவுடையது. காலண்டரில் அந்தத் திங்கட்கிழமையைச் சுற்றி நூல்பிடியின் ஐந்து வயது மகள் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை நடந்தது. மருந்துக்குப் பதிலாக ஒன்றும் செய்யாத ஒரு பொடி. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக மின்னும். ஒன்பது பேர் உள்ளே போய் முழு வேலையையும் செய்தார்கள். வெளியே வரும்போது ஒவ்வொருவர் கையிலும் காலிலும் ஊதா விளக்கைக் காட்டினார்கள். ஒரு துளி பச்சை இல்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், பத்தாவதாக அதிகாரி போட்டார், பதினொன்றாவதாக அவள் போட்டாள். அவள் உள்ளே காலே வைக்கவில்லை.

மகள் வெகுநாளாகப் பேய் விளக்கு வேண்டும் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அதிகாரியிடம் கேட்டு ஒரு சின்ன ஊதா விளக்கை வாங்கிக்கொண்டு நூல்பிடி அன்றைக்குப் பொழுதோடு வீடு திரும்பினாள். வாசலில் ஓடி வந்தவளின் கன்னத்தைக் கிள்ளினாள், அக்காவுக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாள், பிறகு ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் மகளோடு போய்க் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டாள்.

முதலில் மகளின் வெள்ளைச் சட்டை நீலமாக எரிந்தது. அது துணி சோப்பின் வேலை, பயப்படாதே என்றாள். பல்லைக் காட்டு, பேய் மாதிரி இருக்கிறாயா பார்க்கலாம் என்று விளக்கை மேலே தூக்கினாள்.

மகளின் கன்னத்தில் இரண்டு விரல் தடம். பச்சையாக, ரேகை எண்ணும் அளவுக்குத் தெளிவாக.

கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். பச்சை உதட்டோரம் வரை இழுத்துக்கொண்டு போனது. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், பேனா பிடிக்கிற இடம் மட்டும், மின்னின. உள்ளே போகாத கை. மகள் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு, பேய் மாதிரி இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டு ஹாலுக்கு வந்து திரைகளை இழுத்து மூடினாள். கைப்பையின் வார், செல்போன், குழாய்த் திருகு, தண்ணீர்த் தம்ளர், அக்காவின் மாத்திரை டப்பா, எல்லாவற்றிலும் பச்சை. பையைக் கொட்டினாள். பதிவேட்டு மேசையின் பேனா கீழே விழுந்து உருண்டது. ஞாபகமில்லாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், எந்த ஆபீசில்தான் பேனா தங்குகிறது. அடி முதல் நுனி வரை அது பச்சையாக இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. உள்ளே இருந்தவர்கள் அழுக்குக் கையுறையோடு அந்தப் பேனாவை எடுத்து நேரம் குறித்திருக்கிறார்கள். வெளியே வந்தவர்கள் கையைக் கழுவி, சோதனையில் தேறி, அப்புறம் அதே பேனாவைத் தொட்டிருக்கிறார்கள். காற்றுக்குக் காவல் போட்டவள் பேனாவுக்குத் தன் கையாலேயே மேசை போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அக்கா எழுந்து வந்தாள். தன் உள்ளங்கையில் விளக்கு பட்டதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி இது?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேவலமாக இருந்தது, சொன்னாள். இது வெறும் பொடி, தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்றாள். மேசையை நகர்த்துவது அரை மணி நேர வேலை என்றும், ஆனால் ஒப்புதல் முத்திரை குத்திய வரைபடத்தில் கோடு மாறினால் மறுபடி ஒத்திகை, மறுபடி ஆய்வு, ஆறு வாரம் ஆகும் என்றும் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

“யாருக்கும் தெரியாதுக்கா. திங்கட்கிழமை காலைல நானே போய் அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பேனா வச்சிடறேன்.”

“புத்தகம்?”

பேனா இரண்டானாலும் புரட்டுகிற பக்கம் ஒன்றுதான்.

“எத்தனை பேர் கையெழுத்துப் போட்டீங்க?”

“பதினோரு பேர்.”

“அப்ப பதினோரு வீடு,” என்றாள் அக்கா. “இங்க விளக்கு இருக்கு. மத்த பத்து வீட்ல என்ன இருக்கு?”

அவள் கையை மூன்று தடவை கழுவினாள், செல்போனைத் துடைத்தாள், அதிகாரியைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

“பேரன் என் மடியிலதான் இருக்கான்,” என்றார் அதிகாரி. “இப்பதான் ஊட்டிவிட்டேன்.”

நாளைக் காலையில் அவரே எழுத்தில் கொடுத்துவிடுவதாகவும், தொடக்கத்தை நிறுத்தச் சொல்வதாகவும் கூறிவிட்டு வைத்தார். அவள் போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தன் அக்காவின் நாளைத் தானே பறித்துவிட்டாள்.

அக்கா குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய்க் கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், விளக்கைக் காட்டிப் பார்த்தாள், மறுபடி கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு காலண்டரிடம் போனாள். சிவப்பு வட்டத்தில் விரலை வைத்து வாரங்களை எண்ணத் தொடங்கினாள். நாலில் டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. அங்கே விரல் கொஞ்சம் நின்றது. பிறகு தாளைப் புரட்டி அடுத்த பக்கத்தில் ஐந்து, ஆறு என்று எண்ணி முடித்தாள்.

பென்சிலால் அந்தத் திங்கட்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது.

“இங்க வந்து உட்காரு,” என்றாள் தங்கையிடம். பென்சிலை நீட்டினாள். “இந்தத் தடவை மேசையை எங்க போடப் போற, வரைஞ்சு காட்டு.”