மரத்த கை

கிழக்கு லண்டனில் பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து, டொலறஸ் வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பில் உலோகத் தகடு வைத்துப் பூட்ட வேண்டும் என்றார்கள். கணவர் இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போக யார் வருவார்கள் என்று மருத்துவமனையிலிருந்து போனில் கேட்டபோது, தன் மச்சாள் வருவார் என்று டொலறஸ் சொல்லிவிட்டார். அதே லண்டனில், எட்மண்டனில் இருக்கும் அந்த மச்சாளோடு பேசியே இரண்டு வருடமாகிறது.

மயக்க மருந்து டாக்டர் பிரமிளா மலேசியத் தமிழர். "முழு மயக்கம் வேணாம் ஆன்ட்டி. நரம்புக்குப் பக்கத்துல மருந்து போட்டா கை மட்டும் மரத்துடும்" என்றார்.

தோளருகே காறை எலும்புக்கு மேலே குளிர்ந்த ஜெல் பூசி ஸ்கேன் கருவியை வைத்தார். ஊசியை எடுக்குமுன், ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஒரு பொத்தானை அழுத்தினார். சாம்பல் நிறத் திரையில் சிவப்பும் நீலமும் துடித்தன. பிரமிளாவின் கை நின்றது.

"என்ன பிள்ளை?"

"நரம்புகளுக்கு நடுவுல ஒரு ரத்தக்குழாய் குறுக்கே போகுது. நான் ஊசி போட நினைச்ச வழியிலேயே. பார்க்காம குத்தியிருந்தா ரத்தம் கசிஞ்சிருக்கும். கீழே வேற இடம் பார்க்கிறேன்."

நிறம் இல்லாத ஒரு வழி கிடைக்கும்வரை அவர் அவசரப்படாமல் எலும்புக்குக் கீழே தேடினார். தன்மேல் ஒருவர் இவ்வளவு நேரம் கவனம் வைத்து எத்தனை நாளாயிற்று என்று டொலறஸ் நினைத்துக்கொண்டார்.

ஊசி போட்டு இருபது நிமிடத்தில் விரல்கள் சூடேறிக் கனத்தன. வலது கையை நகர்த்தி வைக்கலாமென்று இடது கையால் பிடித்தவர் திடுக்கிட்டார். வெதுவெதுப்பாக, வேறு யாருடையதோ போல ஒரு கை. அவர் அதை விடவில்லை.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"இல்லை." கண் நிறைந்திருந்தது. "பிள்ளை, நான் பொய் சொல்லிப்போட்டன். என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரமாட்டினம்."

பிரமிளா கடிந்துகொள்ளவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. மரத்த கையோட தனியா அனுப்ப மாட்டோம். இன்னைக்கு ராத்திரி தங்க வார்டுல ஒரு கட்டில் கேட்டுப் பார்க்கிறேன்."

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாலை, பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். உட்கார இடம் போதவில்லை. அவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண், டொலறஸின் கட்டிலருகே வெறுமனே கிடந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"ஓம், எடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, டொலறஸ் இடது கையால் சைகை காட்டினார்.