உத்தரவு கொடுக்காத கிடாய்

அழகையா யாரையும் நம்பமாட்டான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை நம்பமாட்டான், நிறுக்கிற கணக்கப்பிள்ளையை அதைவிட நம்பமாட்டான். பதுளைக் கடைக்காரர் அரிசி அளந்தால், அவன் கண் அரிசியில் இருக்காது, அவர் கட்டைவிரலில் இருக்கும். மாரியாத்தாளை மட்டும் நம்பினான். அந்த நம்பிக்கையும் ஒரு கிடாயால் போய்விட்டது.

கோப்பித் தோட்டங்கள் செத்துத் தேயிலை வந்த காலம் அது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், மேல்லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில், அவன் பெண்சாதி நல்லம்மா காய்ச்சலில் விழுந்தாள். பிழைத்தால் கிடாய் வெட்டுகிறேன் என்று ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டான். பிழைத்தாள். ஹாலிஎலச் சந்தைக்குப் போய் ஒரு குட்டி வாங்கி வந்தான். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் மனிதர் காலை நீட்டவே இடமில்லை, ஆட்டை எங்கே கட்டுவது? வெளியே, கூரைத் தகரம் சொட்டுகிற இடத்தில் கட்டினான். பெய்த மழையெல்லாம் அதன் முதுகில்தான் பெய்தது.

திருவிழா வந்தது. வெட்டுவதற்கு முன்னால் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள். சிலுப்பாவிட்டால் அரிவாளைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். கங்காணி வீட்டுக் கிடாய் ஒரு சொட்டுப் பட்டதுமே சிலுப்பியது. அழகையாவின் கிடாய் அசையவில்லை. பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். பிறகு ஒரு குடத்தையே கவிழ்த்தார். அது மஞ்சள் வழிய நின்றுகொண்டு பூசாரியின் வேட்டி நுனியை மென்றது.

பூசாரி வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு கண்ணை மூடித் திறந்தார். "ஆத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டா. நேந்துகிட்டது பொம்பளைக்காக. குத்தமும் அவகிட்டத்தான் இருக்கு."

"அப்ப உத்தரவு கெடைக்கிற வரைக்கும் நல்லம்மா கோயில் வாசலுக்கு வரக்கூடாது. பீலியிலயும் கை வைக்கக்கூடாது" என்றார் கங்காணி.

மலைத்தண்ணீர் மூங்கில் வழியாக வந்து கொட்டுகிற இடம்தான் பீலி. லயத்துப் பெண்களுக்குக் குடிதண்ணீரும் அங்கேதான், ஊர்ப்பேச்சும் அங்கேதான். நல்லம்மா இனிப் பள்ளத்து ஓடைக்கு இறங்கி, குடத்தைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏற வேண்டும். அதை லயமே வேடிக்கை பார்க்கும்.

அழகையா வீட்டுக்கு வந்து அவளையே கேட்டான். "ஏ புள்ள, உண்மையச் சொல்லு. என்ன செஞ்ச?"

"என்னத்தச் செஞ்சேன்? கொழுந்து பறிச்சேன், சோறாக்குனேன், ஒங்களக் கட்டிக்கிட்டேன். இதுல எது குத்தம்னு ஆத்தாகிட்டயே கேட்டுட்டு வாங்க."

அவள் ஓடையிலிருந்து மூச்சிரைக்க ஏறி வருவதைப் பார்த்ததும், பாதி மேட்டுக்கு இறங்கிப் போய்க் குடத்தை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வாசலில் உட்கார்ந்து கிடாயையே முறைத்துக்கொண்டிருந்தான். தகரத்துத் தண்ணீர் தாரையாக முதுகில் விழுந்தது. அது பாட்டுக்கு அசைபோட்டது.

"புள்ள, இது நனைஞ்சா எப்பவாச்சும் சிலுப்புமா?"

"தெனம் நனையிறது என்னத்துக்குச் சிலுப்பும்? விடியக்காலம் மழையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்ப நீங்க சிலுப்புறீங்களா?"

அழகையா எழுந்தான். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு லயம் லயமாகப் போய்க் கண்ட ஆட்டின் மேலெல்லாம் ஊற்றினான்.

"ஏ அழகையா, என் ஆட்டக் குளிப்பாட்டச் சொல்லி ஒன்னக் கூப்புட்டேனா?" என்று இராக்கம்மா சண்டைக்கு வந்தாள்.

"அக்கா, ஒங்க ஆடு உள்ள படுக்குதா, வெளிய படுக்குதா?"

"உள்ளதான். அதுக்கென்ன இப்ப?"

ஊற்றினான். ஆடு சிலுப்பியதில் அவள் முகமெல்லாம் தண்ணீர். அன்றைக்கு அவன் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. ஆனால் ஒன்று தெரிந்துபோயிற்று. கொட்டிலில் படுக்கிற ஆடெல்லாம் சிலுப்பியது. மழையில் கிடக்கிறது எதுவும் சிலுப்பவில்லை.

திரும்பி வந்து மிச்சத் தண்ணீரைத் தன் கிடாயின் தலையில் கொட்டினான். கொஞ்சம் காதுக்குள் போய்விட்டது. கொம்பு முதல் வால் வரைக்கும் அது சிலுப்பிய சிலுப்பில் அழகையா நனைந்துபோனான். முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றான். உத்தரவு கிடைத்துவிட்டது. கொடுத்தது யார்? செம்பு வைத்திருந்த அழகையா.

அப்புறம் யோசனை நிற்கவில்லை. இராக்கம்மா புருசனுக்கும் இதே காய்ச்சல்தான் வந்தது, இதே ஆத்தாளுக்குத்தான் நேர்ந்தார்கள். அவன் செத்துப்போனான். நேர்ந்ததில் குறை என்றார் பூசாரி. ஆக, பிழைத்தால் ஆத்தா புண்ணியம், செத்தால் நம் குற்றம். தோட்டத்துத் துரையின் தராசுகூட இவ்வளவு சாயாது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கங்காணியிடம் போய் நின்றான். "கிடாய இன்னொரு வாட்டிக் கேட்டுப் பாக்கலாம்ங்க." கறிப்பங்கு கைவிட்டுப் போன வருத்தத்தில் இருந்தவர், வெள்ளிக்கிழமையே ஆகட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை லயமே கூடியது. கிடாய் அவனுடையது என்பதால் செம்பை அவனே வாங்கிக்கொண்டான். "ஆத்தா, நல்லம்மா மேல குத்தம் இல்லன்னா உத்தரவு குடு" என்று சொல்லிக் காதுக்குள் விட்டான். கிடாய் சிலுப்பியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? பீலிக்கு இனித் தடை இல்லையே?"

"இல்ல, இல்ல. ஆத்தாளே சொல்லிட்டா" என்றார் கங்காணி.

அத்தோடு விட்டிருக்கலாம். அழகையா விடுகிற ஆள் இல்லை.

"அப்ப இன்னொண்ணும் கேட்டுருவோம். ஆத்தா, நம்ம கங்காணி ஐயா வீட்டம்மாவுக்குப் பயப்படுறவரா?" காதில் விட்டான். கிடாய் முன்னைவிட நன்றாகச் சிலுப்பியது. முதலில் சிரித்தது கங்காணியின் பெண்சாதிதான். பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

பூசாரியின் முகம் சாம்பலாகிப்போனது. "தெய்வத்தோடயா வெளையாடுற? பொழுது விடியிறதுக்குள்ள ஆத்தா கேப்பா பாரு."

"கேக்கட்டுங்க. ஆட்டுக் காதுக்குள்ள இருந்து வெளிய வந்து கேக்கட்டும். நான் வீட்டுலதான் இருப்பேன்." அவிழ்த்துக் கிடாயை இழுத்துக்கொண்டு போனான்.

காலையில் பெரட்டில் அழகையா பலமாகத் தும்மினான். "பாத்தியா, ஆத்தா கேட்டுட்டா" என்று கங்காணி வாயெடுப்பதற்குள், பின்வரிசையில் பூசாரி அதைவிடப் பலமாகத் தும்மினார். பனியில் நனைந்தது ரெண்டு பேரும்தானே.

கிடாயைத் தீபாவளிக்கு அடித்தார்கள். கங்காணி வீட்டுக்கு ஒரு தொடை போனது. தொடையைக் கண்ட பிறகு அவர் குற்றத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் பீலியில் கூட்டம். நல்லம்மாவுக்குத் துணையாக இன்னொரு குடத்தோடு அழகையாவும் போனான். இராக்கம்மா அவனைப் பார்த்துக்கொண்டே நல்லம்மாவிடம் கேட்டாள். "ஒம் புருசன் சாமியே இல்லங்கிறானாமே?"

"அவரு இல்லங்கிறாரு, நான் இருக்குங்கிறேன். ரெண்டு பேருக்கும் பசிக்குது. தள்ளி நில்லு அக்கா, தண்ணி புடிக்கணும்" என்றாள் நல்லம்மா.