நாகப்பன் நிரப்பிய விமானங்கள்

சுங்குவார்சத்திரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பதினான்கு வருடமாக நாகப்பன் அப்படித்தான் வேலைக்குப் போய் வந்தான். விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் டேங்கர் லாரியில் அவன் ஆபரேட்டர். இறக்கைக்கு அடியில் லாரியை நிறுத்தி, குழாயை மாட்டி, மீட்டரைப் பார்த்து, சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். எந்த விமானம் எங்கே போகிறது என்று அவன் விசாரித்ததில்லை.

1991 ஜனவரியில் அமெரிக்க ராணுவ விமானங்கள் சில வந்து இறங்கின. அவற்றில் மூன்றுக்கு அவன்தான் நிரப்பினான். மாதக் கடைசியில்தான் பேப்பரில் செய்தி வந்தது. அவை வளைகுடாப் போருக்குப் போகிற விமானங்களாம். டீக்கடையில் நின்று அதைப் படித்தவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தான்.

அவன் தங்கை கங்காவின் புருஷன் நரசிம்மன் இராக்கில் இருந்தான். பஸ்ரா பக்கத்தில் ஒரு கட்டட வேலையில் வெல்டர். முந்தின ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் புகுந்தபோது ஊருக்குத் திரும்பக் கேட்டவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. டிசம்பரோடு கடிதமும் நின்றுபோனது. கங்கா அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப் அருகிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டு வருவாள். துணைக்கு எதிர்வீட்டு லூர்தம்மாள் போவாள்.

லூர்தம்மாள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தவள். இராக் படை உள்ளே வந்த பிறகு அந்த வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தாள்.

"அவனுங்க குவைத்த வுட்டு வெளிய போனாத்தான் என் மனசு ஆறும்," என்பாள் கங்காவிடம். "ஆனா உன் வூட்டுக்காரரு மேல ஒரு தூசு வுழக்கூடாது. அதுக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்றேன்."

இரண்டும் ஒன்றாக நடக்குமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பேப்பரில் படித்த மறுநாள் நாகப்பன் ஷிப்ட் சூப்பர்வைசர் கோதண்டராமன் முன்னால் போய் நின்றான். கோதண்டராமன் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்துப் பாதியில் விட்டவர். ஊழியர்களுக்கு லீவு லெட்டரிலிருந்து கோர்ட்டு நோட்டீஸ் வரை அவர்தான் எழுதித் தருவார்.

"சார், இந்த சண்டை நியாயமா?"

"உட்காரு," என்றார். "ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல படை எடுக்கக் கூடாது. அதுதான் உலகச் சட்டம். விலக்கு ரெண்டுதான். ஒண்ணு, அடி வாங்கினவன் தன்னைக் காப்பாத்திக்கிறது. இன்னொண்ணு, ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் அனுமதி கொடுக்கிறது. இராக் சட்டத்தை மீறிச்சு. ஜனவரி பதினஞ்சு வரைக்கும் கெடு வச்சாங்க, போகலை. அனுமதி இருக்கு நாகப்பா."

"அவங்களுக்கு கீது. நம்ம சண்டைல இல்லியே சார்? நம்ம எதுக்கு ஊத்தறோம்?"

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றினார். "உதவி பண்ணச் சொல்லி எல்லா நாட்டையும் கேட்டிருக்காங்க. குண்டு கிண்டு ஏத்திட்டு வரலைன்னு சொல்லியிருக்காங்களாம்."

"நீங்க ஏறிப் பாத்தீங்களா?"

"பார்க்கலை," என்றார் அவர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் தான் நிரப்பிய மூன்று விமானங்களைப் பற்றிக் கங்காவிடம் சொல்லிவிட்டான். சொல்லாமல் அவள் போட்ட சோற்றைத் தின்ன முடியவில்லை. கங்கா கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் மனைவி செந்தாமரைதான் சோறு போட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவன் கிளம்பும்போது கங்கா வாசலுக்கு வந்தாள்.

"அந்த ப்ளேன்ல வந்தவங்கள பாத்தியாண்ணா?"

"ஒருத்தன் சீட்டுல கையெழுத்துப் போட எறங்குனான். சின்னப் பையன். மீசைகூட சரியா மொளைக்கல."

"இன்னா சொன்னான்?"

"தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

கங்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "லூர்தம்மாக்கா பட்டது எனக்குத் தெரியும். ஊத்தாதேன்னு என்னால சொல்ல முடியல. ஊத்துன்னும் சொல்ல முடியல. நீயே பாத்துக்கோ."

பஸ்ஸில் போகும்போதே அவன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினான். ராணுவ விமானங்களுக்கு என்னைப் போட வேண்டாம், மற்ற எந்த வேலையும் செய்வேன் என்று நாலு வரி. கோதண்டராமன் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை மேல அனுப்பினா உன் வேலைக்கு ஆபத்துய்யா."

"தெரியும் சார்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேலே அனுப்பவில்லை.

அன்று பகல் பதினோரு மணிக்கு இன்னொரு அமெரிக்க விமானம் இறங்கியது. நாகப்பன் உள்நாட்டு விமானம் ஒன்றின் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரை அனுப்பப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கோதண்டராமன் யாரையும் கூப்பிடவில்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே லாரியில் ஏறிப் போனார். ஐம்பத்தாறு வயது மனிதர் கனமான குழாயை இழுக்க முடியாமல் இழுத்து மாட்டினார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் எண்ணெய்.

"ஏன் சார்?" என்றான் நாகப்பன்.

"சரின்னு சொன்னவன் நான்தானே. உனக்குப் பதில் இன்னொருத்தனை எப்படி அனுப்ப?" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

நாகப்பன் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

பிப்ரவரியில் நாட்டுக்குள் எதிர்ப்பு வலுத்து, அந்த விமானங்கள் வருவது நின்றது. மாதக் கடைசியில் போரும் முடிந்தது. மார்ச் இரண்டாம் வாரம் பூத்துக்காரர் ஓடிவந்தார். பம்பாயிலிருந்து நரசிம்மன் பேசினான் என்றார். கங்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். லூர்தம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

நான்கு நாள் கழித்து அவன் வந்து இறங்கினான். பாதியாய் இளைத்திருந்தான். வேலை செய்த இடத்துக்கு அருகே ஒரு பாலத்தில் குண்டு விழுந்ததில் இடது காது கேட்காமல் போய்விட்டது.

மறுநாள் காலை இருவரும் வேப்பமரத்தடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நாகப்பன் மெதுவாகச் சொன்னான், "மாப்ள, அந்த ப்ளேனுங்கள்ல மூணுக்கு நான்தான் ஊத்துனேன்."

நரசிம்மன் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சும்மா நின்றான். அவன் காதில் விழவில்லை என்பது நாகப்பனுக்குப் புரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். அவன் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, அதையே மறுபடியும் சொன்னான்.

நரசிம்மன் சொம்புத் தண்ணீரால் முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்தான்.

"சட்டப்படி சரின்னாங்க மாப்ள."

"சரியாவே இருக்கட்டும் மச்சான். குவைத்துல பண்ணது அக்கிரமம்தான், அங்கேர்ந்து கொள்ளையடிச்சினு வந்த லாரிங்கள நானே பாத்தேன். ஆனா அந்தப் பாலத்து மேல ஜனங்க போய்னு இருந்தாங்க."

உள்ளேயிருந்து கங்கா இட்லி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். இருவரும் போனார்கள். நரசிம்மன் முதலில் உட்கார்ந்தான். நாகப்பன் தயங்கி நிற்பதைப் பார்த்து, தன் வலப்பக்கத்துத் தரையைத் தட்டினான்.

"இந்தப் பக்கம் உக்காரு மச்சான். இதுலதான் கேக்கும்."