கிழவியின் கழுத்து

பேங்காக்குக்கு வெகு வடக்கே, லம்பாங் ஊரில் தவினைக் கேட்காமல் ஒரு பொருள் உயிரை விட முடியாது. கூட்டுறவுத் துறையில் துணை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியர் சங்கத்தில் 'வீணாக்காமைக் குழு' என்று ஒன்றை அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழிந்து, யாரும் போட்டியிடாததால் அவரே தலைவருமானார். மாதாந்தரக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால், "பழையது என்று உலகத்தில் எதுவும் இல்லை. பழுது பார்க்கப்படாதது மட்டுமே உண்டு" என்றுதான் தொடங்குவார். கேட்க வந்தவர்கள் எல்லாரும் முழங்கால் தேய்ந்தவர்கள் என்பதால் அந்த வாக்கியத்துக்கு எப்போதும் நல்ல கைதட்டல்.

வீட்டில் அவ்வளவு கைதட்டல் இல்லை. மின்விசிறியின் கழுத்தைத் தூண்டில் நரம்பால் இழுத்துக் கட்டியிருந்தார். அது கூரைக்கு மட்டும் காற்று வீசியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சைக்கிள் டியூப் பிடித்துக்கொண்டிருந்தது. செருப்புக்கு லாரி டயரில் அடி வைத்திருந்தார். அவர் நடந்து போன மண்ணைப் பார்த்தால் ஏதோ சிறிய வண்டி போன தடம்போல இருக்கும்.

மனைவியின் பெயர் லமுன். மென்மை என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு வைத்திருக்கலாம்.

"ஆபீசரே," என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். "நேத்து நீங்க ஒட்டின நாற்காலியில பக்கத்து வீட்டு ரபியாப் உக்காந்தா. அவ எந்திரிச்சப்ப நாற்காலியும் கூடவே எந்திரிச்சுது."

"காயற வரைக்கும் பொறுக்காதது அவங்க தப்பு."

"அதான பார்த்தேன். இந்த வீட்டுல தப்புன்னு ஒண்ணு நடந்தா அது எப்பவுமே பக்கத்து வீட்டுலேர்ந்துதான் வரும்."

இப்படி ஒருவரையொருவர் குத்திக்கொண்டே கல்யாணத்தைக் கடத்திவிட்டார்கள். அது அவர்களுக்குப் பழகிப்போன சமையல்போல; காரம் குறைந்தால்தான் கவலை வரும்.

சித்திரை வெயிலின் நடுவே வரும் சூறைக்காற்று அந்த வருஷம் மாமரத்தின் பெரிய கிளையை முறித்துப் போட்டது. கிளை விழுந்தது வாசல் மூலையிலிருந்த குட்டி வீட்டின் மேல். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கால்களின் மேல் நிற்கும் சிறிய மரவீடு, அதற்குள் சுடுமண்ணில் ஒரு கிழவனும் கிழவியும். அந்த மண்ணுக்கு முதலில் சொந்தக்காரர்கள் அவர்கள். பிறகு வந்தவர்கள் காலையில் ஒரு பிடி சோறும், உறிஞ்சுகுழல் போட்டுச் சிவப்புச் சோடாவும் வைத்து அவர்களோடு ஒத்துப்போய்விட வேண்டும். காற்று நின்றதும் போய்ப் பார்த்தார்கள். கூரை சரிந்திருந்தது. கிழவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கிழவி, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல்.

"தலை சாக்கடைக்குள்ள உருண்டிருக்கும்," என்றாள் லமுன். "போனது போகட்டும். ரெண்டு பேரையும் மரியாதையா ரோட்டு வளைவு அரசமரத்தடியில கொண்டுபோய் வச்சுட்டு, கடையில புதுசா ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்க."

"ஒரு கழுத்துக்காக ரெண்டு முழு பொம்மையா? அடுத்த மாசம் நான் மேடையேறி என்ன பேசறது?"

"வழக்கமா பேசறதையே பேசுங்க. யார் கேக்கறா?"

தவின் சாக்கடையில் துழாவினார். தலை கிடைக்கவில்லை. கிழவியின் உடலைத் துணியில் சுற்றிக்கொண்டு அரசமரத்தடிக்கு நடந்தார். வைத்துவிட்டு வரத்தான் போகிறார் என்று லமுன் நினைத்தாள். போகும்போது அவரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஊரில் எந்த வீட்டின் குட்டி வீடு உடைந்தாலும், எந்தப் பொம்மை விரிசல் விட்டாலும் அந்த மரத்தடிக்குத்தான் வரும். வேர்களுக்கு நடுவே சாய்ந்த கூரைகளும் மூக்குப்போன யானைகளும் கையில்லாத நடனக்காரிகளும் குவிந்து கிடந்தன. அங்கே வைப்பதற்குத்தான் போவார்கள், எடுப்பதற்கு யாரும் போவதில்லை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. சட்டம் எழுதியிருந்தால் தவின் மதித்திருப்பார், அவர் அரசாங்க ஊழியர்.

உடல் பொடிந்துபோன ஒரு கிழவி வேரிடுக்கில் கிடந்தாள். தலை மட்டும் பழுதில்லை. அதே அளவு. முகம் கொஞ்சம் கறுப்பு, வாயோரம் வெற்றிலைக் கறை தீட்டியிருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலை யாரோ பல சுற்றுச் சுற்றி இறுக்கக் கட்டியிருந்தார்கள். தவின் முடிச்சைப் பிரித்தார். தலையை ஒரு பையிலும், வீணாகக்கூடாதென்று நூலை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டார். தன் வீட்டுக் கிழவியின் உடலோடேயே திரும்பி வந்தார்.

இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டினார். பொருந்திய விதம் அவரையே திகைக்க வைத்தது. எங்கே உடைந்தது, எங்கே ஒட்டினோம் என்று மறுநாள் காலை கண்ணாடி போட்டுத் தேடியும் அவருக்கே தெரியவில்லை. வாழ்நாளில் அவர் செய்த மிகச் சிறந்த வேலை அது. கூரையையும் நிமிர்த்திக் கிழவியைக் கிழவன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

லமுன் சோடாவோடு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"இவ யாரு?" என்றாள்.

"நம்ம கிழவிதான். வேற மூஞ்சி, அவ்வளவுதான்."

ஒரு பதிலடியை எதிர்பார்த்துக் காத்திருந்தார். வரவில்லை. அவள் சோடாவை வைத்துவிட்டு மெதுவாக உள்ளே போனாள்.

அன்றிலிருந்து லமுன் ஏசுவதை விட்டுவிட்டாள். தவின் இதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஒரு மனிதரின் திறமை கடைசியில் வீட்டிலும் அங்கீகரிக்கப்பட்டது என்று சங்கத்தில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தார். பிறகு ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், தினமும் கையால் உருட்டித் தின்னும் பசைச்சோறு இல்லை. அதை அவிக்கும் மூங்கில் ஆவிக்கூடை காய்ந்து தொங்கியது. தட்டில் உதிரி உதிரியாக வேறு சோறு, அதன்மேல் மஞ்சள் தூக்கலான கடல்மீன் புளிக்குழம்பு. லமுன் மலைப்பக்கத்தில் பிறந்தவள். கடல்மீன் வாடை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்பவள்.

"இதை எங்க கத்துக்கிட்டே?"

"எப்பவும் வைக்கறதுதானே. உனக்குக் காரம் பத்தலையா, கொங்?"

வேறு யாருடையதோ ஒரு பெயரைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். 'நீங்க' என்றவள் அவரை 'நீ' என்று கூப்பிட்டாள். அதில் ஏச்சு இல்லை, அன்பு இருந்தது. தவினுக்கு முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல இருந்தது.

பிறகு சாயங்காலந்தோறும் அவள் வாசற்படலைப் பிடித்துக்கொண்டு தெற்கே பார்த்தபடி நிற்கத் தொடங்கினாள். தெற்கே பார்க்க ஒரு டயர்க் கடையும் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையும்தான் இருந்தன. ஆனால் தூரத்தில் அசையும் எதையோ பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் படலை இறுகப் பிடிப்பாள்.

பேங்காக்கிலிருந்து மகள் வந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். தலையைப் படம் பிடித்தார்கள். வயதானால் வருகிற மறதி, ஆரம்பக் கட்டம் என்றார்கள். மகள் அழுதாள். தவினுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, பெயர் தெரிந்த பழுது என்று. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த நிம்மதி போயிற்று. மறதி வீட்டிலிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகும். வீட்டில் இல்லாததைக் கொண்டுவந்து எப்படி வைக்கும்?

ரபியாப் வந்து வேலியோரம் நின்றாள்.

"லமுன் என்னைப் பார்த்து நீ யாரும்மான்னு கேக்கறா, அண்ணே. என் வீட்டு உரலை இரவல் வாங்கித் திருப்பியே குடுக்காதவ. உரலை மறந்தா பரவாயில்ல, என்னை மறக்கலாமா?"

"வயசாச்சு இல்ல."

"எனக்குந்தான் வயசாச்சு. நான் உரலை மறக்கலையே." சிரித்தவள் பேச்சோடு பேச்சாகக் குட்டி வீட்டுக்குள் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இது உங்க கிழவி இல்லையே. தலை எங்கேர்ந்து?"

தவின் குட்டி வீட்டுக் கூரையிலிருந்த மாஞ்சருகைத் தட்டிவிட்டார். மேடையில் என்றால் இதற்கு நீண்ட பதில் ஒன்று வைத்திருந்தார்.

"அரசமரத்தடியா?" ரபியாப் குரலைத் தாழ்த்தினாள். "தகரம் பொறுக்கறவன்கூட அங்க ஒரு ஆணியைத் தொடமாட்டானே, அண்ணே. அவ எந்த வீட்டுக்காரியோ, யாருக்குக் காத்துக்கிட்டு இருந்தாளோ." அதற்குமேல் அவள் நிற்கவில்லை. அன்றிலிருந்து சந்தைக்குப் போகக்கூட மறுபக்கத்து வழியாகச் சுற்றிப் போனாள்.

அவர் ஒட்டியதை அவர் கையாலேயே உடைப்பது என்பது தவினின் வாழ்க்கையில் முதல்முறை. நடுப்பகலில் சின்ன ரம்பத்தோடு குட்டி வீட்டின் முன் உட்கார்ந்தார். ஒட்டிய இடம் தெரியாததால் உத்தேசமாகக் கழுத்தில் வைத்து இழுத்தார். சமையலறையில் அகப்பை கிண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரம்பம் மறுபக்கம் வந்து தலை உள்ளங்கையில் விழுந்தபோது அந்தச் சத்தம் நின்றது.

அவர் எழுந்து பார்க்கப் போகவில்லை. முதலில் இதை முடித்துவிட வேண்டும் என்று மரத்தடிக்கு ஓடினார். தலையை வேரிடுக்கில், முகம் மரத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம் தன் லமுன் என்ன சொல்லி ஏசுவாள் என்று யோசித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எதைச் சொன்னாலும் சரி.

குழம்பு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. லமுன் அடுப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் அகப்பை, கண் திறந்தபடி.

"லமுன்."

கண் இமைத்தது. வேறொன்றுமில்லை.

"லமுன், நான்தான். ஆபீசர்." பதில் இல்லை. அவருக்கு அவமானமாக இருந்தாலும் அடுத்ததையும் சொல்லிப் பார்த்தார். "கொங் வந்திருக்கேன்."

அதற்கும் இல்லை. வாயில் அவர் ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து மோவாயில் சொட்டியது. அந்த முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. யாரும் குடியிருக்காத வீட்டு ஜன்னல்போல் இருந்தது.

கடைக்கு ஓடிப்போய்ப் புதிய ஜோடி ஒன்றை வாங்கிவந்து வைத்தார். அந்தக் கிழவிக்கு ரோஜா நிறத்தில் கன்னம், ஒரு புன்னகை. சோடா வைத்துக் கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. புதியதற்குள் இன்னும் யாரும் வந்து சேரவில்லை. பிறகு சாக்கடைக் கல்லைப் பெயர்த்துவிட்டு இறங்கினார். தோள்வரை கையை விட்டுத் துழாவினார். நல்ல பாட்டில் மூடிகள், வளையாத ஒரு கரண்டி, கொஞ்சம் சுத்தம் பண்ணினால் ஓடக்கூடிய ஒரு கைக்கடிகாரம் எல்லாம் வந்தன. எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் எறிந்தார். வெளிச்சம் போகும்வரை தேடியும் பழைய தலை மட்டும் வரவில்லை. எந்த ஆற்றில் எங்கே போகிறதோ, அதனோடு அவருடைய லமுனும்.

உள்ளே அவள் விட்ட இடத்திலேயே இருந்தாள். ஈ ஒன்று கண்ணோரம் உட்கார்ந்தது. அவள் விரட்டவில்லை. அவர் விரட்டினார்.

விடிந்ததும் மரத்தடிக்குப் போனார். தலை அங்கேதான் இருந்தது. ஆனால் மரத்தைப் பார்த்து வைத்தது இப்போது சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் வீட்டுப் பக்கமாக. தவின் செருப்பைக் கழற்றினார். மண்ணில் மண்டியிட்டார்.

"அம்மா," என்றார். "உங்களைக் கேக்காம எடுத்தது தப்பு. இப்பக் கேக்கறேன். வர்றீங்களா?"

இலைகள் அசையவில்லை. கையில் எடுத்தபோது தலை வெதுவெதுப்பாக இருந்தது. காலை வெயில்பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அந்த மரத்தடியில் வெயில் படுவதில்லை.

புதிய கிழவியை எடுத்துவிட்டுப் பழைய உடலை வைத்தார். பசை கலந்தார். இந்த முறை அவர் அவசரப்பட்டதில் தலை கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. காயும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். பசை இறுகுவதற்குள் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம். மஞ்சள் வாடை வாசல்வரை வந்தது.

தவின் விரலை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு இன்னொரு கை இருந்தது.

ஓய்வூதியர் சங்கத்துக்கு அவர் அதன்பிறகு போகவில்லை. வீணாக்காமைக் குழுவுக்கு வேறு தலைவர் கிடைக்கவில்லை. யாரும் தேடியதாகவும் தெரியவில்லை. உதிரிச் சோறு அவருக்குப் பழகிவிட்டது. புளிக்குழம்பை முதலில் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார், இப்போது இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொள்கிறார். மகள் போனில், "அம்மா உன்னை அடையாளம் தெரிஞ்சுக்கறாளாப்பா?" என்று கேட்டால், "தெரிஞ்சுக்கறா" என்பார். யாராக என்று மகள் கேட்பதில்லை.

மழைக்காலத்தின் ஒரு சாயங்காலம். படலில் நின்றவள் தலையை ஒருபக்கம் சாய்த்தபடி திரும்பி வந்தாள், அவர் எதிரில் தட்டை வைத்தாள்.

"காத்து மாறுது, கொங். படகைக் கட்டிட்டியா?"

தவின் வாழ்க்கையில் படகில் கால் வைத்ததில்லை. அவர் சோற்றைப் பிசைந்தார்.

"கட்டிட்டேன்."

"நல்லாக் கட்டினியா?"

"ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன். அலை வந்தாலும் அசையாது."

அவள் குழம்பை ஊற்றினாள். மீனில் நல்ல துண்டாகத் தேடி அவர் பக்கம் தள்ளினாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனே," என்றாள்.